நாற்பது வரை

செய்தித்தாளில் சூரியன் மறையும் நேரம் என்று ஒன்று போடுகிறார்கள். அது சரியாக இருக்காது. குறைந்தது நான்கு நிமிடம் முன்னாலேயே ஆள் காணாமல் போய்விடும். அடிவானத்தில் எப்போதும் ஒரு மங்கல் நிற்கும். சூரியன் அந்த மங்கலுக்குள்தான் இறங்குகிறது. கடலைத் தொடுவதே இல்லை. இருபத்தாறு வருடமாக இதையே பார்த்தவன் சொல்கிறேன். பேப்பரைப் பார்த்துவிட்டுப் படகில் ஏறுகிறவர்கள் இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்பார்கள். நான் மறுத்துப் பேச மாட்டேன். இன்ஜினைக் கொஞ்சம் முடுக்குவேன், அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். எது முதல் என்று நேற்று முழுக்க யோசித்தேன். வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

என் படகு முப்பத்திரண்டு அடி. முன்னால் சாய்ந்து உட்கார மெத்தை, நடுவில் கூரை, பின்னால் சக்கரம் பிடித்துக்கொண்டு நான். மாலை நேரத் தனிச் சவாரி மட்டும்தான். கூட்டம் ஏற்றுகிற பெரிய படகுகள் வேறு, அவற்றில் பாட்டுப் போட்டு ஆடுவார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு வேறு யாரும் வேண்டாம், அவர்கள் மட்டும் போதும். படகுத்துறையில் கிளம்பி, கலங்கரை விளக்கத்தைச் சுற்றி, செம்பாறைகளின் ஓரமாகவே போய், கல்வளைவு வரை. கல்வளைவு என்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பாறை. அலை குடைந்து குடைந்து நடுவில் வாசல்போல ஓட்டை விழுந்திருக்கிறது. அதற்கு நேரே இன்ஜினை நிறுத்தினால் சூரியன் அந்த வாசலில் வந்து நிற்கும். எல்லோரும் அப்போது பேச்சை நிறுத்துவார்கள். பிறகு படம் எடுப்பார்கள். வெளிச்சம் போவதற்குள் துறைக்குத் திரும்பிவிடுவோம்.

அவர்கள் முன்னால், நான் பின்னால். அதனால் இத்தனை வருடத்தில் நான் அதிகம் பார்த்தது முதுகுகளைத்தான். முதுகுகளை வைத்தே சொல்லிவிடுவேன், இவர்கள் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், இவர்கள் சண்டையைச் சமாதானம் செய்ய வந்தவர்கள், இவர்களுக்குச் சமாதானம் ஆகாது என்று. கூரைக்குக் கீழே பேசுவதெல்லாம் காற்றில் என்னிடம் வந்துவிடும். ஒருமுறை ஒரு பையன் மோதிரத்தை நீட்டுகிற நேரம் பார்த்து அலை தூக்கிப் போட்டது. மோதிரம் தெறித்து வந்து என் தேநீர்க் குவளைக்குள் விழுந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் கேட்டதும் அவர்கள் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். படகில் இன்னொரு ஆள் இருக்கிறான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் மோதிரத்தைத் துடைத்துக் கொடுத்துவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

படம் எடுத்துத் தரச் சொல்வார்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்தாறு படம். கணக்குப் பாருங்கள், எத்தனை குடும்பங்களை நான் படம் எடுத்திருப்பேன். கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள், தலையை இந்தப் பக்கம், சிரியுங்கள் என்று நான் சொன்னால் அப்படியே செய்வார்கள். அந்த ஒரு நிமிடம் என் பேச்சுக்கு மரியாதை இருக்கும். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்ததும் அது முடிந்துவிடும்.

படகுக் கொட்டகைக்கு மேலே ஓர் அறையும் அடுப்படியும் எனக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணம் என்று ஒரு பேச்சு இரண்டு தடவை வந்து, தானாகவே ஓய்ந்துவிட்டது. அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை போன் செய்வாள். சாப்பிட்டாயா என்பாள், சாப்பிட்டேன் என்பேன். உடம்பு எப்படி என்பாள், நன்றாக இருக்கிறது என்பேன். இரண்டு நிமிடம். அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. இன்று மேற்கே நல்ல காற்று என்று சொன்னால் அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

சில நாள் காலையில் ரொட்டிக் கடையில் வாய் திறந்தால் குரல் வராது, கரகரக்கும். சளி என்று நினைத்து மருந்து சாப்பிட்டிருக்கிறேன். பிறகுதான் புரிந்தது. முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை, அதுதான்.

இதையெல்லாம் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. நான் எந்த நிலையில் இருந்தேன் என்று தெரிந்தால் மற்றது உங்களுக்கு நியாயமாகப் படும்.

மூன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு தலைமை ஆசிரியரின் குடும்பம் வந்தது. ஓய்வு பெற்றவர். அவர், அவருடைய மனைவி, மகன், மருமகள், ஐந்து வயதுப் பேத்தி. தலைமை ஆசிரியர் படகின் மூக்கில் நின்றுகொண்டு பேத்திக்குத் திசைகள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைத் தாண்டிப் போன பெரிய பயணிக் கப்பல் கிளப்பிவிட்ட அலை ஒன்று பக்கவாட்டில் அடித்தது. மனிதர் தலைகுப்புற விழுந்தார். அதில் என் தவறு எதுவும் இல்லை, விசாரித்துப் பார்க்கலாம். இன்ஜினை நிறுத்தி, மிதவை வளையத்தை எறிந்து, குதித்து, அவரைக் கண்டுபிடித்துத் தூக்குவதற்குள் நாலு நிமிடம் ஆகிவிட்டது. மூச்சு இல்லை. படகின் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினேன். தண்ணீரைக் கக்கினார், கண்ணைத் திறந்தார், என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். மருத்துவமனை வாசல் வரை அந்தப் பிடியை விடவில்லை. தாதிகள் விரல் விரலாகப் பிரித்தார்கள். எனக்கு அவ்வளவு அவசரமாகப் பிரித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அவர் வீடு திரும்பிய அன்று என்னை வரச் சொன்னார்கள். போனேன். அவருடைய மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"இனிமே உன்னை வெளி ஆள்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. ஞாயித்துக்கிழமை சாப்பாடு உனக்கு இங்கதான்."

பதினோரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மேஜையில் ஜன்னலோரத்து நாற்காலி எனக்கு. பேத்தி என்னைப் படகு மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவள் வரைந்த படம் ஒன்றில் வீட்டு ஆட்கள் எல்லோரும் வரிசையாக நிற்க, கடைசியில் தொப்பியோடு நான். சனிக்கிழமையே சட்டையைத் தேய்த்து வைத்துவிடுவேன். திங்கள்கிழமை கடையில் என் குரல் கணீரென்று இருக்கும். அக்கா போன் செய்தபோது ஒன்பது நிமிடம் பேசினேன். அவளே ஆச்சரியப்பட்டாள்.

பன்னிரண்டாவது வாரம் சனிக்கிழமை போன் வந்தது. நாளைக்கு வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், அடுத்த வாரம் பார்க்கலாமா என்று கேட்டார்கள். நான் விருந்தாளி இல்லை என்பது சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால், விருந்தாளி வருகிற அன்று வீட்டு மனிதர்கள் வீட்டில்தானே இருப்பார்கள் என்று பட்டது. அடுத்த வாரம் மருமகளுக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்த வாரம் போன் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தது. ஜன்னல் திறந்திருந்தது. என் நாற்காலியின் மேல் பழைய பேப்பர்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல மனிதர்கள். பயம் போய்விட்டது, அவ்வளவுதான். பயம் இருந்தவரை நான் வேண்டியிருந்தது. காய்ச்சல் விட்டதும் மருந்துப் பாட்டிலை அலமாரியில் வைப்பதில்லையா, அப்படித்தான்.

அடுத்த கோடையில் வந்தவள் வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண். கணவனும் கூட வந்திருந்தான். அவளுக்கு நீந்தத் தெரியும் என்று ஏறும்போதே சொன்னாள், அதையும் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன். முன்பக்கம் கம்பியைப் பிடிக்காமல் நின்றாள். சக்கரத்தைத் தேவைக்கு மேல் கால் சுற்றுத் திருப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அவளை மேலே ஏற்றிவிட்டேன். செருப்பை முன்பே கழற்றி வைத்திருந்தேன்.

பெண்ணின் அம்மா அழுதார். அண்ணன் வந்து கட்டிக்கொண்டான். துறைமுக அலுவலகம் கையெழுத்துப் போட்ட பாராட்டுக் கடிதம் ஒன்று தந்தது, பேப்பரில் நாலு வரி வந்தது. ஒரு சுவர்க்கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்கள். மூன்று வாரம் தினமும் யாராவது போன் செய்தார்கள். ஆனால் ஒருமுறைதான் சாப்பிடக் கூப்பிட்டார்கள், அதுவும் ஓட்டலில். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணைச் சந்தையில் பார்த்தேன். தோழிகளிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், தான் பொத்தென்று விழுந்ததையும் கைப்பை மிதந்து போனதையும் நடித்துக் காட்டிக்கொண்டு. எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தலைமை ஆசிரியர் நாலு நிமிடம் தண்ணீரில் இருந்தார், பதினோரு வாரம் கிடைத்தது. இவள் ஒரு நிமிடம்கூட இல்லை. அதனால்தான் அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. சிரிக்கிற கதையில் காப்பாற்றியவனுக்கு இடம் இருக்காது. தவறு என்னுடையதுதான். நான் சீக்கிரம் குதித்துவிட்டேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தேநீர் ஆறுகிறது, குடித்துவிட்டு எழுதுங்கள். எனக்கு அவசரமில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் ஒன்றுமே செய்யவில்லை. இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். தினமும் மாலையில் சவாரி போய்வந்தேன். யார் யாரோ வந்தார்கள். எரிச்சல்காரர்கள் வந்தார்கள், ஏறியதிலிருந்து இறங்கும்வரை போனிலேயே பேசியவர்கள் வந்தார்கள், என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர்கள் வந்தார்கள். அவர்களில் யாரையும் நான் தொடவில்லை. அவர்களைத் தொட்டு என்ன ஆகப்போகிறது?

பிறகு தையல்காரர் வந்தார். மனைவி தாதி. கல்யாணமாகி ஐந்தாவது வருடம், அதைக் கொண்டாட வந்திருந்தார்கள். ஒல்லியான மனிதர், முப்பத்து மூன்று வயது இருக்கும். பலகையில் காலை வைக்கும்போதே, "எனக்கு நீச்சல் தெரியாது அண்ணா, பாத்து ஓட்டுங்க" என்று சிரித்தார். கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் என்னிடம்தான் நீட்டினார். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். வீடு எங்கே, யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. என் சட்டையின் தோள் தையல் விட்டிருப்பதைக் கவனித்து, கடைக்குக் கொண்டுவாருங்கள், பத்து நிமிட வேலை என்றார். கடை எந்தத் தெருவில் என்றும் சொன்னார்.

இருபத்தாறு வருடத்தில் சவாரிக்கு வந்த ஒருவர் என்னிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால்தான் அவர். இப்படிப்பட்ட மனிதர் செய்த உதவியை ஆயுசுக்கும் மறக்க மாட்டார் என்று எனக்குத் திடமாகத் தெரிந்தது.

கல்வளைவுக்கு நேரே இன்ஜினை நிறுத்தினேன். காற்று அடங்கியிருந்தது. பக்கத்துக் கம்பித் தடுப்பில், ஏணி மாட்டுவதற்காக ஒரு சின்னக் கதவு உண்டு. விரல் நீள இரும்பு ஆணி ஒன்று அதைப் பிடித்திருக்கும். நங்கூரத்தைப் பார்க்கப் போகிறவன்போலப் போய் அந்த ஆணியை உருவித் தண்ணீரில் போட்டேன். கதவு பார்வைக்கு மூடியபடியே இருந்தது. தையல்காரரின் மனைவி தன் கைப்பேசியைப் பெஞ்சில் பையின்மேல் சாய்த்து வைத்து, சூரியன் இறங்குவதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் தன் கைப்பேசியை என்னிடம் கொடுத்து, தன்னைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னார், அம்மாவிடம் காட்ட. அந்தக் கனத்த மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றால் படம் நன்றாகவா இருக்கும் என்று கேட்டேன். கழற்றி வைத்தார். கொஞ்சம் பின்னால் போங்கள் என்றேன். கம்பியில் சாய்ந்துகொள்ளுங்கள் என்றேன். சாய்ந்தார். சிரிக்கச் சொன்னேன், சிரித்தார்.

அந்தப் படம் அவருடைய கைப்பேசியில் இருக்கிறது. நல்ல படம்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. கதவு திறந்தது, அவர் பின்னால் போனார். நான் எண்ண ஆரம்பித்தேன். நாற்பது வரை என்று முன்பே முடிவு செய்திருந்தேன். நாலு நிமிடம் அதிகம், தலைமை ஆசிரியர் பிழைத்தது அதிர்ஷ்டம். நாற்பது எண்ணுவது ஒன்றும் இல்லை. நன்றாகப் பயந்துவிடுவார், பிழைத்துவிடுவார். அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

அவள் துள்ளி எழுந்து கம்பியோரம் ஓடினாள். கையை நீட்டினாள், எட்டவில்லை. அவளுக்கும் நீந்தத் தெரியாது. மிதவை வளையத்தைத் தேடினாள். அது என் காலடியில் இருந்தது. இருபது எண்ணும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை. மருத்துவமனையில் வேலை செய்கிறவள் அல்லவா, குரலைத் தணித்தே சொன்னாள்:

"அண்ணா, போங்க. அவர் முழுகறார், போங்க அண்ணா."

மேடம், யாரும் என்னை அப்படிப் பார்த்ததே கிடையாது. உலகத்தில் வேறு யாருமே இல்லை, நான் ஒருவன்தான் என்பதுபோல. அந்தப் பார்வை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தேனா என்று கேட்டால், இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் நாற்பதுக்கு மேல் போகவில்லை. சொன்ன கணக்கில் குதித்தேன். முப்பத்தைந்து வரை அவர் தலை தெரிந்துகொண்டுதான் இருந்தது.

கல்வளைவுக்குக் கீழே நீரோட்டம் உண்டு. அன்றைக்கு அது நான் நினைத்ததைவிட வேகமாக இருந்தது. பாறையின் அந்தப் பக்கம் போய்த்தான் அவர் கையில் கிடைத்தார். படகுக்குக் கொண்டுவந்து அரை மணி நேரத்துக்கு மேல் நெஞ்சை அழுத்தினேன். அவளும் அழுத்தினாள். நாங்கள் இருவரும் மாறி மாறி அழுத்தினோம். கடைசியில் அவள்தான் என் மணிக்கட்டைப் பிடித்து, போதும் என்றாள்.

இறுதிச் சடங்குக்குப் போவதற்குப் பயமாக இருந்தது. என்னைத் திட்டுவார்கள், விரட்டுவார்கள் என்று ஓரமாக நின்றேன். தையல்காரரின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். என் தோளில் தலையைச் சாய்த்து அழுதார்.

"நீயாவது கடைசில அவன் பக்கத்துல இருந்தியேப்பா" என்றார்.

இருந்தேன் என்று சொன்னேன். அது பொய்யில்லை.

துறைமுக அலுவலகம் விசாரித்தது. பழைய ஆணி, துருப்பிடித்து உடைந்திருக்கலாம் என்று எழுதி, என் படகைப் பூட்டி வைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம் வரவில்லை. சாயங்காலம் ஆனால் எனக்குப் போவதற்கு ஓர் இடம் இருந்தது. முதல் வாரம் அவள் போன் செய்தாள், கடைசியில் அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்க. உடனே என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். போனேன். அவளையும் அம்மாவையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று சொன்னேன். இருவரும் அழுதார்கள். அதற்குப் பிறகு நான் ஏன் வருகிறேன் என்று யாரும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

தலைமை ஆசிரியர் வீட்டில் நான் தெரிந்துகொண்டது பாதிதான் என்று அங்கேதான் புரிந்தது. பிழைத்தவர் வீட்டில் நன்றி கொஞ்ச நாளில் கரைந்துவிடுகிறது. இறந்தவர் வீட்டில் அப்படி இல்லை. அங்கே ஒரு நாற்காலி காலியாகவே இருக்கிறது, தினமும்.

ஒன்பது மாதம் அந்த வீட்டில் நான் மகனாக இருந்தேன். அம்மாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றினேன். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு, உறை போட்டு மூடி வைத்தேன். வீட்டுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். மகனுடைய சட்டைகளை எனக்குப் போட்டுப் பார்த்து, தோள் இறுக்கமாக இருக்கிறது என்று அம்மாவே தையலைப் பிரித்து இளக்கித் தந்தார். சில நாள் நான் தாமதமாகப் போனால், எங்கே போயிட்டே, சாப்பாடு ஆறிப்போச்சு என்று கோபித்துக்கொள்வார். என்னைக் கோபித்துக்கொள்ள ஓர் ஆள். அக்காவிடம் சொன்னேன். நல்லா இருடா என்றாள், குரல் உடைந்திருந்தது.

மேடம், நான் அவர்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அந்த ஒன்பது மாதத்தைச் சொல்கிறேன்.

அந்தக் கைப்பேசி வீடியோவை அவள் திறக்கவே இல்லை. திறக்க முடியவில்லை என்று சொல்லியிருந்தாள். அதில் சூரியன்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வேலையிலிருந்து வந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பேசியைத் தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் சாய்த்து வைத்து ஓட விட்டாள். அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் சூரியன். பிறகு என் குரல், பின்னால் போங்கள், சாய்ந்துகொள்ளுங்கள், சிரியுங்கள் என்று. பிறகு படம் ஒரு குலுங்கு குலுங்கியது. அவள் எழுந்து ஓடியபோது பெஞ்சு ஆடி, கைப்பேசி சரிந்து என் பக்கம் திரும்பியிருக்கிறது. அதற்குப் பிறகு நான்தான், முழுக்க நான். இத்தனை பேரை நான் படம் எடுத்திருக்கிறேன், என்னை யாரும் எடுத்ததில்லை. பார்க்க எனக்கே புதிதாக இருந்தது. நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கிறேன். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. வெறுங்கால். காலடியில் மிதவை வளையம். படத்துக்கு வெளியே அவள் குரல் கேட்கிறது. நான் நிற்கிறேன், உதடு மட்டும் அசைகிறது.

அவள் வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"இருவது தடவை பாத்துட்டேன்" என்றாள். "வேண்டிக்கிறீங்கன்னு நெனச்சேன். அப்புறம் கவனிச்சேன், அசையறது ஒரே சீரா இருக்கு. நாடி பாக்கறப்ப நாங்க அப்படித்தான் செய்வோம். என்ன எண்ணினீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். பிரார்த்தனைதான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்ப விரும்பினாள், கண்ணில் தெரிந்தது. ஆனால் வீட்டு மனிதர்களிடம் பொய் சொல்லக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. நாற்பது வரை என்றேன். ஏன் என்று கேட்டாள். உங்களிடம் இப்போது சொன்ன எல்லாவற்றையும் அவர்களிடமும் சொன்னேன். தலைமை ஆசிரியர், வங்கிப் பெண், ஆணி, எல்லாம். ஒரே ஒரு இடத்தில் அவள் குறுக்கிட்டாள். எங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றீர்களே, அதுவும் பொய்யா என்று கேட்டாள். அதுவும்தான் என்றேன்.

கத்தவில்லை, அடிக்கவில்லை. அம்மா எழுந்து எனக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பாதிதான் சாப்பிட்டிருந்தேன். அவள் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களுக்குப் போன் செய்தாள். உங்கள் வண்டி வருகிறவரை நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா அந்த ஒரு தட்டை எவ்வளவு நேரம் கழுவினார் என்று உங்களால் நம்ப முடியாது.

எழுதிக்கொள்ளுங்கள். கதவின் ஆணியை உருவியது நான். மிதவைச் சட்டையைக் கழற்ற வைத்தது நான். அந்த இடத்தில் சாயச் சொன்னது நான். காலடியில் வளையம் இருந்தும் எறியாமல் நாற்பது வரை எண்ணியது நான். வங்கிப் பெண் விழுந்ததும் என்னால்தான். எதையும் மறுக்கப் போவதில்லை, வக்கீலும் வேண்டாம். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கோர்ட்டில் விசாரணை தொடங்கினால் அவர்கள் இருவரும் வருவார்கள் அல்லவா? தினமும் வர வேண்டியிருக்கும் என்று காவலர் ஒருவர் சொன்னார், மாதக்கணக்கில் போகலாம் என்றார். அம்மாவுக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது, கண் அறுவைச் சிகிச்சை இன்னும் ஒன்று பாக்கி. என்னைக் கொண்டுவந்து நிறுத்துகிற இடம் அவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நான் வந்துவிட்டேனா என்று அவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.